சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் என்னதான் பண்றாங்க? என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

இந்த வேலைக்கு வந்ததுல இருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருது. கிளாஸ் முடிஞ்சதும் வாசல்ல நின்னு கேக்குற பசங்க, பிள்ளைய இதுல சேக்கலாமான்னு கேக்குற அம்மா அப்பா, சொந்தக்காரங்க, எல்லார்கிட்டயும் தனித்தனியா சொல்லிட்டு இருந்தத இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே வச்சிருக்கேன்.

சுற்றுச்சூழல்னா மரம் நடுறது, பிளாஸ்டிக் ஒழிக்கிறது தானே? அதுக்கு எதுக்கு இன்ஜினியரிங்?

மரம் நடுறது நல்ல விஷயம், ஆனா எங்க வேலை வேற. குழாயத் திறந்தா தண்ணி வருது, ஃப்ளஷ் பண்ணா கழிவு போயிடுது, இல்லையா? தண்ணி குழாய்க்கு வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, கழிவு கண்ணுக்கு மறைஞ்சதுக்கு அப்புறம் என்ன ஆகுது, இதுதான் எங்க ஏரியா. கூடவே குப்பை, காத்து மாசு, கெட்டுப்போன நிலத்தடி நீர சரி பண்றது எல்லாம் சேரும். முந்தி இதுக்கு சானிட்டரி இன்ஜினியரிங்னு பேரு.

1908ல அமெரிக்காவுல ஜெர்சி சிட்டிங்கிற ஊர்ல குடிதண்ணியில தொடர்ச்சியா குளோரின் மருந்து கலக்க ஆரம்பிச்சாங்க. அப்போ எவ்வளவு போடணும்கிறதுல தெளிவு இல்ல, தண்ணிக்குத் தண்ணி மாறும், கொஞ்சம் குறைஞ்சா கிருமி சாகாது, கூடினா வாயில வைக்க முடியாது. ஏபெல் வோல்மன்னு ஒரு இன்ஜினியரும் லின் என்ஸ்லோன்னு ஒரு கெமிஸ்ட்டும் அந்தந்தத் தண்ணிக்கு எவ்வளவு தேவைன்னு அளந்து போடுற முறைய 1919 வாக்குல கொண்டு வந்தாங்க. வோல்மன் பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தார். டைஃபாய்டு வராம பிழைச்ச எத்தனையோ பேருக்கு அவர் பேரே தெரியாது. எங்க வேலை சரியா நடந்தா யாருக்கும் எதுவும் ஆகாது, அதனால யாருக்கும் தெரியவும் செய்யாது, எனக்கு இந்த ஃபீல்டு பிடிச்சதுக்கு அதுவே ஒரு காரணம்.

என்விரான்மென்டல் சயின்ஸ், என்விரான்மென்டல் இன்ஜினியரிங் ரெண்டும் ஒண்ணுதானே?

பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. ஆத்துல மீன் ஏன் செத்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது சயின்ஸ், அதுக்கு மேல போய் "அப்போ எவ்வளவு பெரிய தொட்டி கட்டணும், தண்ணி அதுல எத்தனை மணி நேரம் நிக்கணும், எவ்வளவு காத்து அடிக்கணும்" வரைக்கும் சொல்லணும்னா அது எங்க பொறுப்பு. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் ஒருத்தர் வேலைய ஒருத்தர் செய்வாங்க, கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

இதுல பேராசிரியர் ஆகணும்னா என்ன படிக்கணும்? மேத்ஸ் வீக், பரவால்லையா?

சிவில் இல்லன்னா கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு வர்றவங்கதான் அதிகம். கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி பக்கம் இருந்தும் வர்றாங்க, நல்லாவே பண்றாங்க. மாஸ்டர்ஸ், பிஎச்டி, பெரும்பாலும் அதுக்கு மேல ரெண்டு மூணு வருஷம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சிட்டு இன்னொருத்தர் லேப்ல ஆராய்ச்சி வேலை. மொத்தமா கணக்குப் போட்டா பத்து வருஷம் தாண்டும், இத முதல்லயே தெரிஞ்சிட்டு வாங்க.

மேத்ஸ் விஷயம். நாங்க போடுற கணக்குல முக்காவாசி மாஸ் பேலன்ஸ்தான்: உள்ள எவ்வளவு வந்துச்சு, வெளிய எவ்வளவு போச்சு, நடுவுல எவ்வளவு வேற பொருளா மாறுச்சு, எவ்வளவு தேங்கி நிக்குது. வீட்டு வரவு செலவு எழுதுறவங்களுக்கு இது புரியும். அப்புறம் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் வரும், 1925ல ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ்னு ரெண்டு பேர் ஒஹாயோ ஆத்த வச்சு எழுதின ஆக்ஸிஜன் சமன்பாட்ட இன்னிக்கும் கிளாஸ்ல நடத்துறோம். ஆனா அதுக்கு உள்ளயும் அதே வரவு செலவுதான்: அழுக்கு ஆக்ஸிஜன சாப்பிடுது, மேல இருக்கிற காத்து அத திருப்பிக் குடுக்குது. உக்காந்து போட்டா வந்துரும்.

வாரத்துக்கு ஆறேழு மணி நேரம்தான் கிளாஸ் எடுக்குறீங்க, மிச்ச நேரமெல்லாம் ஃப்ரீயா?

ஒரு மணி நேர கிளாஸுக்கு புதுப் பாடம்னா நாலஞ்சு மணி நேரம் தயார் பண்ணணும், பேப்பர் திருத்தணும், பிஎச்டி பசங்க ஒவ்வொருத்தரோடயும் வாரம் ஒரு தடவை உக்காந்து டேட்டா பாக்கணும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு ப்ரொபோசல் எழுதுறதுக்கே வருஷத்துல ரெண்டு மூணு மாசம் போயிடும், அதுல பெரும்பாலானது கிடைக்காது, கிடைக்காதத திருத்தித் திருப்பிப் போடணும், ஏன்னா அந்தப் பணத்துலதான் பசங்களுக்கு ஸ்டைபெண்ட், கெமிக்கல், மெஷின் ரிப்பேர் எல்லாம் ஓடுது. மத்தவங்க கட்டுரைய ரிவ்யூ பண்றது, தர அளவு நிர்ணயிக்கிற கமிட்டி, சுத்திகரிப்பு நிலையத்துல ஏதாச்சும் கோளாறுன்னா போய்ப் பாக்குறது, இதெல்லாம் தனி. இத்தனைக்கும் நடுவுல லேபுக்குள்ள என் கையால வேலை பாக்க நேரம் கிடைக்கிற நாளு குறைவு, அந்த ஒரு வருத்தம் எனக்கு உண்டு.

லேப்ல ஒரு டெஸ்டுக்கு அஞ்சு நாள் ஆகும்னு சொல்றாங்க, நெஜமாவா? மெஷின் இல்லையா?

நெஜம். பிஓடின்னு பேரு, தண்ணியில இருக்கிற அழுக்க சாப்பிட பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுதுன்னு பாக்குற டெஸ்ட். 300 மில்லி கண்ணாடி பாட்டில், மூடி அடிப்பக்கம் சாய்வா இருக்கும், மூடும்போது ஒரு குமிழி கூட உள்ள மாட்டக் கூடாதுன்னுதான் அப்படி. மூடின பிறகு விளிம்பச் சுத்தி கொஞ்சம் தண்ணி ஊத்தி வைப்போம், வெளிக்காத்து இறங்காம இருக்க. 20 டிகிரியில, இருட்டுல, அஞ்சு நாள். இருட்டு எதுக்குன்னா வெளிச்சம் பட்டா பாசி ஆக்ஸிஜன் விட்டு கணக்கக் கெடுத்துரும். அஞ்சு நாளுங்கிறது இங்கிலாந்துல ராயல் கமிஷன் 1912ல சொன்னது, அந்த நாட்டு ஆறுங்க கடல் போய்ச் சேர அஞ்சு நாளுக்கு மேல ஆகாதுன்னு காரணம் சொல்லுவாங்க, அத உலகம் முழுக்க புடிச்சிக்கிட்டோம்.

முதல் நாளும் கடைசி நாளும் ஆக்ஸிஜன் அளக்கணும். இப்போ மீட்டர் இருக்கு, ஆனா நான் முதல் வருஷப் பசங்கள 1888ல விங்க்ளர் கண்டுபிடிச்ச பழைய முறையில ஒரு தடவையாவது பண்ண வைப்பேன். ரெண்டு கரைசல ஊத்தினதும் பாட்டிலுக்குள்ள பழுப்பு நிறத்துல பஞ்சு மாதிரி இறங்கும், ஆசிட் விட்டா அது கரைஞ்சு தங்க நிறம் ஆகும், தயோசல்ஃபேட் சொட்டு சொட்டா விட்டு நிறம் வெளிறி வரும்போது ஸ்டார்ச் சேத்தா கரு நீலம், அப்புறம் ஒரே ஒரு சொட்டுல அந்த நீலம் காணாமப் போயிடும். அந்தச் சொட்டுல நிறுத்தணும். அதத் தாண்டி ரெண்டு சொட்டு விட்டவன் நோட்டுல என்ன எழுதுறான்னு பாப்பேன். "தாண்டிருச்சு மேடம், திரும்பப் பண்றேன்"னு சொல்ற பையன் மேல எனக்கு உடனே ஒரு நம்பிக்கை வந்துரும்.

இன்னொண்ணு, அஞ்சு நாள் கழிச்சு லிட்டருக்கு குறைஞ்சது 2 மில்லிகிராமாவது ஆக்ஸிஜன் இறங்கியிருக்கணும், 1 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும், இல்லன்னா அந்த பாட்டில் கணக்குல சேராது. எல்லா பாட்டிலும் சேராமப் போச்சுன்னா அந்த டேட்டா போனது போனதுதான், ஏன்னா பழைய தண்ணிய வச்சு மறுபடி பண்ண முடியாது.

சாக்கடத் தண்ணியோட வேலை பாக்க அருவருப்பா இல்லையா?

முதல் வாரம் இருக்கும். நல்லா ஓடுற சுத்திகரிப்பு நிலையத்துல காத்து அடிக்கிற தொட்டிகிட்ட நின்னு பாருங்க, நாத்தம் வராது, மழை பெஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசம் வரும். அழுகின முட்டை நாத்தம் வந்து ஸ்லட்ஜ், அதாவது தொட்டியில இருக்கிற சேறு, கருப்பா ஆகுதுன்னா எங்கயோ ஆக்ஸிஜன் பத்தல. அனுபவப்பட்ட ஆப்பரேட்டர் மீட்டரப் பாக்குறதுக்கு முன்னாடி மூக்க வச்சே சொல்லிடுவார், நான் புத்தகத்துல படிச்சதுல பாதிய அவங்ககிட்டதான் திரும்பக் கத்துக்கிட்டேன்.

ஒரு சொட்ட மைக்ராஸ்கோப்ல வைங்க. வோர்டிசெல்லான்னு ஒரு உயிரி, சின்ன மணி மாதிரி, காம்புல நின்னு ஆடிக்கிட்டே பாக்டீரியாவ சாப்பிட்டுட்டு இருக்கும், லேசா தட்டினா காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, அப்புறம் மெதுவா விரியும். அத ஒரு தடவை பாத்தவங்க அப்புறம் அருவருப்புன்னு சொல்லி நான் கேட்டதில்ல.

ஆனா பாதுகாப்பு விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. கையுறை, தடுப்பூசி, இதெல்லாம் பேச்சே இல்ல. அந்த முட்டை நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு ஏறினா, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு) வாக்குல, மூக்கோட உணர்ச்சிய அதுவே மரத்துப் போக வச்சிரும். நாத்தம் நின்னுருச்சு, பயமில்லன்னு நினைச்சு குழிக்குள்ள இறங்கினவங்க செத்திருக்காங்க. காத்த மீட்டர் வச்சு அளக்காம, மேல ஆள் நிக்காம, எந்த மூடின தொட்டிக்குள்ளயும் மேன்ஹோலுக்குள்ளயும் யாரும் இறங்கக் கூடாது, ஸ்டூடெண்டோ தொழிலாளியோ, யாரா இருந்தாலும் சரி.

பாக்டீரியாவ வச்சு சுத்தம் பண்ணலாம்னு யார் கண்டுபிடிச்சது?

1914, மான்செஸ்டர், ஆர்டர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர். கழிவுநீருக்குள்ள காத்து அடிச்சுப் பாத்தாங்க, முழுசா சுத்தமாக அஞ்சு வாரம் ஆச்சு. அத்தோட விட்டிருந்தா இதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அவங்க மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்திட்டு அடியில படிஞ்ச சேற அப்படியே வச்சிக்கிட்டு புதுக் கழிவுநீர ஊத்துனாங்க, திரும்ப, திரும்ப. நேரம் இறங்கிக்கிட்டே வந்து ஒரு நாளுக்குள்ள வந்துருச்சு, அப்புறம் சில மணி நேரம். வேண்டாம்னு வெளிய கொட்டுற சேறுதான் அங்க வேலை செஞ்ச பாக்டீரியா கூட்டமே. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, உலகத்துல எத்தனையோ ஊருங்க இன்னும் இந்த முறையத்தான் நம்பி இருக்கு.

லீவு நாள்லயும் லேபுக்குப் போறீங்களாமே, குடும்பத்த எப்படிப் பாத்துக்குறீங்க?

பாக்டீரியாவுக்கு லீவு கிடையாது, ரியாக்டர்ல, அதாவது அதுங்கள வளக்குற தொட்டியில, இருக்கிறதுங்களுக்கு தீனி போடணும், பம்ப் ஓடுதான்னு பாக்கணும். பசங்களும் நானும் முறை போட்டு வச்சிருக்கோம், பண்டிகை நாள்ல நான்தான் போவேன், பசங்க வீட்டுக்குப் போகட்டும்.

ஏன் இவ்வளவு கவனம்னா, அனாமாக்ஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, காத்து இல்லாமலே அம்மோனியாவ நைட்ரஜன் வாயுவா மாத்திடும், மின்சாரச் செலவு ரொம்பக் குறையும், ஆனா ரெண்டு மடங்காக பத்து நாளு வாக்குல எடுத்துக்கும். நெதர்லாந்துல ராட்டர்டாம்ல முதல் முழு அளவு ரியாக்டர் 2002ல ஆரம்பிச்சு ஒழுங்கா ஓட்டத்துக்கு வர மூன்றரை வருஷம் ஆச்சு. அந்த மாதிரி ஒண்ண வளத்துட்டு இருக்கும்போது ஒரு ராத்திரி பம்ப் நின்னா பிஎச்டில ஆறு மாசம் போயிடும். எங்க வீட்டுல இது புரிஞ்சுது, அதுக்கு நான் பட்ட கடன் பெருசு. கல்யாணம், குழந்தைன்னு வர்ற வயசுலதான் இந்த வேலையில அழுத்தமும் உச்சத்துல இருக்கும், அதனால லேப்ல முறை போட்டுப் பிரிச்சிக்கிறத சின்ன விஷயமா நினைக்காதீங்க.

பிஎச்டிக்கு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டா ஒருத்தரும் பதில் போடல, ஏன்?

ஒரே மெயில அம்பது பேருக்கு அனுப்பினா படிச்சதும் தெரிஞ்சுரும். அவங்க எழுதின ஒரு கட்டுரைய முழுசாப் படிங்க, அதுல உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தக் கேளுங்க, நீங்க கையால என்ன டெஸ்ட் பண்ணியிருக்கீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. பத்து வரிக்கு மேல வேண்டாம். ரெண்டு வாரம் பதில் இல்லன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், தப்பில்ல.

பொண்ணுங்களுக்கு இந்த ஃபீல்டு செட் ஆகுமா, சைட்டுக்கெல்லாம் போகணுமே?

எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், அமெரிக்காவுல எம்ஐடிங்கிற பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில படிச்ச முதல் பெண், 1873ல பட்டம். 1887ல இருந்து மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான தண்ணி சாம்பிள அவங்க லேப்ல சோதிச்சு, உப்புல இருக்கிற குளோரைடு எந்த இடத்துல இயல்புக்கு மேல இருக்குன்னு மேப்பே போட்டாங்க. கழிவு எங்க கலக்குதுன்னு அத வச்சு சொல்ல முடிஞ்சுது. நம்ம ஃபீல்டோட தொடக்கத்துலயே ஒரு பொண்ணு இருந்திருக்காங்க. சைட்ல கழிப்பறை வசதி இல்லாம இருக்கிறது இன்னிக்கும் நெஜமான பிரச்சனை, அத வாயத் திறந்து கேளுங்க, கேட்டா நடக்குது.

கம்பெனி பணம் குடுத்து ஆராய்ச்சி பண்ணா அவங்களுக்கு சாதகமாத்தானே ரிசல்ட் வரும்?

இந்தச் சந்தேகம் நியாயமானது, கேக்கத்தான் வேணும். நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் எழுத்துல வாங்குவேன்: முடிவு எதுவா இருந்தாலும் வெளியிடுற உரிமை எங்களுக்கு, யார் பணம்னு கட்டுரையில சொல்லுவோம். இதுக்கு ஒத்துக்காத வேலைய விட்டிருக்கேன், அந்த வருஷம் ஒரு ஸ்டூடெண்டுக்கு ஸ்டைபெண்டுக்கு அலைய வேண்டி இருந்துச்சு, லேசா எடுத்த முடிவு இல்ல.

கண்டுபிடிச்சத வச்சுப் பெரிய பணக்காரர் ஆகலாமான்னும் சேத்துக் கேப்பாங்க. நெதர்லாந்து பேராசிரியர் காட்ஸே லெட்டிங்கா 1970கள்ல யுஏஎஸ்பின்னு ஒரு ரியாக்டர் உருவாக்கினார், காத்து அடிக்காமலே கழிவ எரிவாயுவா மாத்தும். அவர் அதுக்கு பேடன்ட் வாங்கல, ஏழை நாடுங்களும் தாராளமா கட்டிக்கட்டும்னு விட்டுட்டார். எனக்கு முன்மாதிரி யாருன்னு கேட்டா அவரத்தான் சொல்லுவேன்.

ஒரு ரிசல்ட் குடுத்துட்டீங்க, அப்புறம் அது தப்புன்னு தெரிஞ்சா?

எனக்கு நடந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் பிளாங்க்னு சுத்தமான தண்ணிய மட்டும் வச்சு ஒரு பாட்டில் ஓட்டுவோம், அதுல எதுவும் வரக் கூடாது. ஒரு ப்ராஜெக்ட்ல அந்த பிளாங்க்லயே நைட்ரேட் வந்துட்டு இருந்துச்சு, கொஞ்சம்தானேன்னு கழிச்சுக் கணக்குப் போட்டுட்டு இருந்தோம். ஒரு ஸ்டூடெண்ட் விடாம தேடி, எங்க சுத்தத் தண்ணி மெஷின்ல உப்பப் பிடிச்சு வைக்கிற ரெசின் தீந்து போயிருக்குன்னு கண்டுபிடிச்சா. ஆறு வாரத்து டேட்டா. அதுல ஒரு பகுதிய ஏற்கனவே ஒரு ஊர்க்காரங்களுக்கு ரிப்போர்ட்டா குடுத்திருந்தேன். நேர்ல போய் சொன்னேன், திரும்ப சாம்பிள் எடுத்தோம், ஊர்க்காரங்க கோபப்பட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் குடுத்த நம்பர யாரும் சந்தேகப்படல. அந்தப் பொண்ணு பேர நன்றியில போடாம கட்டுரையோட ஆசிரியர் வரிசையிலயே போட்டோம்.

அதிகாரிங்க ரிப்போர்ட் தண்ணி நல்லாருக்குன்னு சொல்லுது, பேராசிரியர் ரிப்போர்ட் ஈயம் இருக்குன்னு சொல்லுது, யாரை நம்புறது?

சாம்பிள் எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க, பேரப் பாக்காதீங்க. ஈயம் வர்றது பெரும்பாலும் வீட்டுப் பக்கத்துப் பைப்ல இருந்துதான். அதனால ஆறு மணி நேரமாவது குழாயத் தொடாம விட்டு, விடிஞ்சதும் வர்ற முதல் ஒரு லிட்டர பிடிக்கணும். முந்தின ராத்திரியே குழாய நல்லா ஓட விட்டுட்டு காலையில சாம்பிள் எடுத்தா அளவு குறைச்சலா காட்டும். வாய் குறுகலான பாட்டில் குடுத்தா ஜனங்க குழாய மெதுவா திறப்பாங்க, அப்பவும் குறையும், ஏன்னா வேகமா ஓடுற தண்ணிதான் பைப்ல ஒட்டின துகள அடிச்சிட்டு வரும். பொய் சொல்லாமலே பொய்யான நம்பர் வாங்க இத்தனை வழி இருக்கு.

அமெரிக்காவுல ஃப்ளின்ட் நகரத்துல இதுதான் நடந்துச்சு. 2014 ஏப்ரல்ல குடிதண்ணிய ஆத்துக்கு மாத்துனாங்க, பைப்ப அரிக்காம இருக்க போட வேண்டிய பாஸ்பேட்ட போடல. சாம்பிள் எடுக்கச் சொன்ன குறிப்புலயே முன்கூட்டி ஓட விடச் சொல்லி இருந்துச்சு. வீட்டுக்காரங்களே குரல் குடுத்து, 2015ல வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவர் ஸ்டூடெண்ட்ஸும் அவங்களோட சேந்து வீடு வீடா சாம்பிள் எடுத்தாங்க. அப்போ அங்க நடவடிக்கை எடுக்க வேண்டிய ஈய அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம், ஒரு வீட்டுல வந்தது 13,200. அக்டோபர்ல பழைய தண்ணிக்கே திரும்பினாங்க. அதுக்குள்ள அந்தத் தண்ணிய பச்சக் குழந்தைங்களுக்குப் பால் கலக்கக் குடுத்த அம்மாக்கள நினைச்சா எனக்கு இன்னிக்கும் தாங்கல.

ஒண்ண சரி பண்ணப் போய் இன்னொண்ணு வருதே, அப்போ உங்க இன்ஜினியரிங்க எப்படி நம்புறது?

வரும். மேல குளோரின் பத்தி பெருமையா சொன்னேன்ல, 1974ல யோஹானஸ் ரூக்னு ராட்டர்டாம் தண்ணி லேப்ல இருந்த ஒருத்தர், அதே குளோரின் தண்ணியில இருக்கிற இலைதழை மக்குன பொருளோட சேந்து குளோரோஃபார்ம் மாதிரி வேண்டாதத உண்டாக்குதுன்னு காட்டினார். வங்கதேசத்துல குளத்துத் தண்ணியால வர்ற வயித்துப்போக்கத் தடுக்க லட்சக்கணக்குல அடிபம்பு போட்டாங்க, கிருமி குறைஞ்சுது, ஆனா நிலத்துக்கடியில இருந்த ஆர்செனிக்ங்கிற விஷத்த யாரும் அளந்து பாக்கல, 1990கள்லதான் அதோட அளவு வெளிய தெரிஞ்சுது.

ரெண்டுக்கும் வழி வேற வேற. குளோரின நிறுத்தினா பழைய நோய் திரும்ப வரும், அதனால அந்த மக்குன பொருள முன்கூட்டியே எடுத்துட்டு அப்புறம் குளோரின் போடக் கத்துக்கிட்டோம். ஆர்செனிக்ல ஒவ்வொரு பம்பா அளந்து சிவப்பு, பச்சைன்னு பெயின்ட் அடிக்கிறதுல இருந்து தொடங்க வேண்டி இருந்துச்சு. கட்டினதுக்கு அப்புறமும் அளந்துக்கிட்டே இருக்கிறதுக்குப் பணம் ஒதுக்குங்கன்னு ஒவ்வொரு கமிட்டியிலயும் நான் சண்டை போடுறதுக்குக் காரணம் இதுதான், கட்டுறதுக்கு கிடைக்கிற பணம் அளக்குறதுக்குக் கிடைக்க மாட்டேங்குது.

கடைசியா ஒண்ணு, உங்க வீட்டுல நீங்க என்ன தண்ணி குடிக்கிறீங்க?

குழாய்த் தண்ணி. எங்க தண்ணியில என்ன இருக்கு, என்ன இல்லன்னு அளந்துட்டுதான் குடிக்கிறோம். உங்க வீட்டுக்கு இது பொருந்தும்னு சொல்ல மாட்டேன், உங்க தண்ணி அளக்காம எனக்குத் தெரியாது, அளக்காம ஃபில்டரும் வாங்காதீங்க, உப்புக்கு ஒரு ஃபில்டர், கிருமிக்கு வேற, ஆர்செனிக்குக்கு வேற.

ஈயம் பத்தி சொன்னதால ஒரு பழக்கம் மட்டும் உண்டு. காலையில முதல் தண்ணிய குடிக்கப் பிடிக்க மாட்டேன், பாத்திரம் கழுவ எடுத்துக்குவேன், குழாய்க்கு அடியில விரல வச்சிட்டு நிப்பேன். ராத்திரி முழுக்க வீட்டுப் பைப்ல நின்ன தண்ணி தீந்து தெருப் பைப்புத் தண்ணி வரும்போது குளிர்ச்சி சட்டுன்னு மாறும், விரலுக்குத் தெரியும். அப்போதான் செம்ப வைப்பேன்.